கரி எங்கே படிகிறது?

கார் சர்வீஸ் ரசீதில் ஆயில், ஃபில்டர், வீல் அலைன்மென்ட் ஆகியவற்றுக்குக் கீழே 'இன்ஜின் டீகார்பனைசிங்' என்றொரு வரி இப்போது சாதாரணமாகத் தென்படுகிறது. இன்ஜினுக்குள் கரி சேர்ந்துவிட்டது, அதை எடுத்தால் பிக்கப் திரும்பும், மைலேஜ் கூடும் என்பது விளக்கம். கட்டணம் சில ஆயிரம் ரூபாய். இதில் பாதி உண்மை. ஓடுகிற எந்த இன்ஜினுக்குள்ளும் கரி இருக்கத்தான் செய்யும். சிக்கல் மற்ற பாதியில். ஒரே இன்ஜினுக்குள் கரி படிவதற்குக் குறைந்தது ஐந்து இடங்கள் உண்டு: பிஸ்டன் தலையும் அதற்கு மேலிருக்கும் எரிஅறையும், பிஸ்டன் ரிங் உட்காரும் பள்ளங்கள், இன்ஜெக்டரின் மூக்கு, உள்ளிழுப்பு வால்வின் முதுகு, த்ராட்டில் பாடி. இந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று வெப்பத்தில் வேறு, அவற்றைத் தொட்டுப் போகும் வாயுவும் திரவமும் வேறு. ஆகவே எப்படி எடுப்பது என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். கரி எந்த இடத்தில் இருக்கிறது? அது ஏன் அங்கிருந்து தானாகப் போகவில்லை? இவற்றைத் தாண்டிக் குதிக்கும் எந்தச் சிகிச்சையும் குருட்டு வைத்தியம்தான்.

கரி என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அடுப்புக்கரி போன்ற பொருளல்ல அது. கார்பனோடு ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் எல்லாம் பிணைந்த பிசின் அது. ஆயிலில் கலந்திருக்கும் கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் சாம்பலும் அதில் சேர்ந்திருக்கும். பிறப்பதும் எளிய வழியில்தான். எண்ணெயின் மெல்லிய படலம் சூடான உலோகத்தில் ஒட்டுகிறது. காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைகிறது. மூலக்கூறுகள் கைகோத்துக் கெட்டியாகி முதலில் வார்னிஷ் போல மின்னுகிறது, பிறகு கறுத்து இறுகுகிறது. வெப்பம் குறைவாக இருந்தால் எண்ணெய் ஈரமாகவே வழிந்து போய்விடும். மிக அதிகமாக இருந்தால் எரிந்தே போய்விடும். இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரையிலான பகுதியில்தான் படிவு நன்றாக ஊறி வளர்கிறது. வருடக்கணக்கில் புழங்கும் இரும்புத் தோசைக்கல்லில் நடுப்பகுதி வழவழப்பாக இருக்க, விளிம்பில் மட்டும் கறுப்புப் பொருக்கு ஏறியிருப்பதற்கும் இதே கணக்குத்தான் காரணம். நடுவில் சூடும் உண்டு, கரண்டியின் சுரண்டலும் உண்டு. விளிம்புக்கு எண்ணெய் போகிறது, இரண்டும் போதிய அளவு போவதில்லை. எந்தப் படிவின் கனமும், வந்து சேர்வதற்கும் போய்த் தீர்வதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

முதலில் எரிஅறை. புது இன்ஜினின் பிஸ்டன் தலையில் முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் கரி வேகமாகப் படியும். படிந்த கரி வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே அதன் மேற்பரப்பு உலோகத்தைவிடச் சூடாகிறது. கனம் கூடக்கூட மேற்பரப்பின் சூடும் கூடுகிறது, ஒரு கட்டத்தில் புதிதாக ஒட்டுவதும் எரிந்தும் உதிர்ந்தும் போவதும் சமமாகிவிடுகின்றன. வளர்ச்சி அத்தோடு நிற்கிறது. இதற்கு நல்ல சான்று, எண்ணெய் நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக அளந்துவரும் ஆக்டேன் தேவை. புது கார் ஒன்று 'நாக்' எனும் தட்டல் சத்தம் இல்லாமல் ஓடத் தேவைப்படும் ஆக்டேன் அளவு, கரி படியப்படியச் சில எண்கள் உயர்கிறது. பிறகு உயர்வு நின்று சமதளமாகிவிடுகிறது. கரி முடிவில்லாமல் வளர்வதாக இருந்தால் அந்தக் கோடும் ஏறிக்கொண்டே போயிருக்க வேண்டும். இந்தப் படிவால் தீமை இல்லை என்று சொல்ல வரவில்லை. அது அறையின் கொள்ளளவைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டுகிறது, வெப்பத்தைத் தேக்குகிறது, 'நாக்' அடிப்பதையும் நைட்ரஜன் ஆக்சைடு புகையையும் அதிகமாக்குகிறது. ஆனால் சமநிலைக்கு வந்துவிட்ட ஒன்றைச் சுரண்டி எடுத்தால் மிஞ்சுவது வெறும் உலோகம், அதன் மீது அதே வேகமான முதல் கட்டம் மறுபடி தொடங்கும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1920களின் கார்களுக்குச் சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டுவது, பிரேக் சரிபார்ப்பதைப் போல வழக்கமான பராமரிப்பு. பெட்ரோல் மட்டரகம், கார்பரேட்டர் ஊற்றும் கலவையில் எரிபொருள் மிகை, ரிங்குகளைத் தாண்டி ஏறும் ஆயிலுக்கும் குறைவில்லை. அந்தத் தலைமுறையின் பழக்கம் பெயரோடு இன்றுவரை வந்துவிட்டது, காரணங்கள் பின்தங்கிவிட்டன. நம் ஊரில் இதே பழக்கத்தை நீண்ட நாள் தக்கவைத்தவை டூ ஸ்ட்ரோக் வண்டிகள். பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து எரித்த ஸ்கூட்டர்களிலும் மொபெட்டுகளிலும் புகைபோகும் துளையும் சைலன்சரும் அடைத்துக்கொள்ளும். மெக்கானிக் சைலன்சரைக் கழற்றி நெருப்பில் சுட்டு, தட்டி, கரியை உதிர்ப்பார். படிப்பறிவில்லாத முறை என்று இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் கரி இருந்த இடத்தைச் சரியாக அறிந்து, அந்த இடத்தைக் கரி எரியும் வெப்பத்துக்குக் கொண்டுபோன முறை அது. பின்னால் பார்க்கப்போகும் சில நவீன இயந்திரங்களைவிட அதில் வேதியியல் அதிகம்.

இனி உள்ளிழுப்பு வால்வு. காற்று அறைக்குள் நுழையும் வாசலில் காளான் போல் விரிந்திருக்கும் இந்த வால்வின் முதுகுதான் படிவுக்கு மிகவும் வசதியான இடம். வெப்பம் அந்த ஆபத்தான நடுப்பகுதியிலேயே நிற்கிறது. வால்வுக்கு வெளியே, காற்றுக் குழாயில் பெட்ரோலைப் பீய்ச்சும் மல்ட்டி பாயின்ட் இன்ஜின்களில் ஒவ்வொரு சுற்றிலும் பெட்ரோல் அந்த முதுகை நனைத்துக் கழுவிவிடுகிறது என்று சொல்வார்கள். இது முழு உண்மையல்ல. 1980களில் கார்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தபோது, இதே வகை இன்ஜின்களில் வால்வுக் கரி பெரிய புகாராக எழுந்தது. பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் 318ஐ மாடல் 1985 காரை 10,000 மைல் ஓட்டி, வால்வுகளைக் கழற்றி எடைபோடும் சோதனை அதனால்தான் வந்தது. ஒரு வால்வில் சராசரியாக 100 மில்லிகிராமுக்கு மேல் ஏறக்கூடாது என்பது அதன் தலையாய வரம்பு. வெறும் பெட்ரோல் கழுவாது, சில சமயம் அதுவே பிசினாகும். கழுவுவது அதில் கரைத்திருக்கும் டிடர்ஜென்ட். பாலிஈதர் அமீன் போன்ற மூலக்கூறுகளின் ஒரு முனை படிவைப் பற்றிக்கொள்ளும், மறுமுனை பெட்ரோலில் கரையும். துணி சோப்பின் வேலைதான். அமெரிக்காவில் 1995 முதல் எல்லாப் பெட்ரோலிலும் குறைந்தபட்ச டிடர்ஜென்ட் கட்டாயம். அந்த அளவு போதாது என்று 2004இல் பி.எம்.டபிள்யூ., ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா ஆகியவை சேர்ந்து 'டாப் டியர்' என்ற உயர்தர வரையறையைக் கொண்டுவந்தன. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2016இல் வெளியிட்ட சோதனையில், ஏறக்குறைய 4,000 மைலுக்கு ஈடான ஓட்டத்துக்குப் பிறகு, அந்த வரையறைக்குள் வராத பெட்ரோல்கள் சராசரியாக 19 மடங்கு அதிக வால்வுக் கரியை விட்டுச் சென்றன. படிவுப் பிரச்சினைக்கு இதுவரை கிடைத்த மிக மலிவான தீர்வு பெட்ரோல் டேங்குக்குள் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனால் அந்தத் தீர்வுக்கு ஒரு நிபந்தனை: பெட்ரோல் அந்த இடத்தைத் தொட வேண்டும். நேரடி இன்ஜெக்‌ஷன் இங்கேதான் கதையை மாற்றியது. 1996இல் மிட்சுபிஷி தன் ஜி.டி.ஐ. இன்ஜினைச் சந்தைக்குக் கொண்டுவந்ததிலிருந்து, பெட்ரோலை வால்வுக்கு வெளியே விடாமல் நேராக எரிஅறைக்குள்ளேயே பீய்ச்சும் முறை பரவியது. எரிபொருள் சிக்கனத்துக்கும் சக்திக்கும் அது நல்லது. ஆனால் வால்வின் முதுகு அன்றிலிருந்து ஒரு சொட்டுப் பெட்ரோலையும் பார்ப்பதில்லை. அதற்கு வந்து சேர்வதோ நிற்கவில்லை. ரிங்குகளைத் தாண்டி ஆயில் சம்ப்புக்குள் கசியும் வாயுவை, ஆயில் ஆவியோடு சேர்த்து, உள்ளிழுப்புக் குழாய்க்கே திருப்பிவிடும் ஏற்பாடு 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் மாசைக் குறைக்கத் தொடங்கி உலகமெங்கும் வந்துவிட்டது. அந்த ஆவி வால்வில் ஒட்டுகிறது. வால்வுத் தண்டின் வழியே கசியும் ஆயிலும், திரும்பி வரும் புகையும் துணைக்கு வருகின்றன. வரவு உண்டு, செலவு இல்லை. எரிஅறையில் கண்ட சமநிலை இங்கே எளிதில் வராது. காற்று செல்லும் வழியே குறுகிப்போகுமளவு வளர முடிகிறது. ஆடியின் எஃப்.எஸ்.ஐ. இன்ஜின்களிலும் பி.எம்.டபிள்யூ. என்54 இன்ஜினிலும் குளிர்ந்த நிலையில் இன்ஜின் குலுங்குவது, மிஸ்ஃபயர், சக்தி குறைவது என்று புகார்கள் குவிந்தது இதனால்தான். இந்தியாவில் 2013இல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 2017இன் பலேனோ ஆர்.எஸ். காரின் பூஸ்டர்ஜெட், 2019இல் வென்யூவோடு வந்த ஒரு லிட்டர் டர்போ ஆகியவை இந்த வகை. பெயர்களை நம்பி ஏமாறவும் கூடாது: மாருதியின் 'டூயல்ஜெட்' இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர் உண்டே தவிர, இரண்டுமே வால்வுக்கு வெளியில்தான் பீய்ச்சுகின்றன. நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான சாதாரணப் பெட்ரோல் கார்கள் இன்னும் அந்தப் பழைய, கழுவப்படும் வகையே.

வால்வில் இறுகிய கரியை எடுக்க நம்பகமான வழி ஒன்று உண்டு, அது அழகானதல்ல. உள்ளிழுப்பு மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும். கிராங்கைக் கையால் சுற்றி அந்தந்தச் சிலிண்டரின் வால்வு முழுதாக மூடியிருப்பதை உறுதிசெய்ய வேண்டும். வால்நட் ஓட்டைப் பொடித்த துகளைக் காற்றழுத்தத்தில் அடித்து, கூடவே வேக்குவத்தால் உறிஞ்ச வேண்டும். ஓடு கரியைப் பெயர்க்குமளவு கடினம், எஃகு வால்வையும் அலுமினிய ஹெட்டையும் கெடுக்காத அளவு மென்மை. சிலிண்டருக்குள் ஓரிரு துகள் தவறி விழுந்தாலும் எரிந்துபோகும். மணல் அடித்தால் இந்தக் கடைசி வசதி கிடைக்காது, சிலிண்டர் சுவரே கீறிப்போகும். பி.எம்.டபிள்யூ. தன் ஒர்க் ஷாப்புகளுக்கு இதையே அதிகாரபூர்வ முறையாக வைத்திருக்கிறது. இதைவிடச் சுலபமான வழி ஒன்று இருந்திருந்தால், அரை நாள் கூலிக்கு ஆளை உட்கார்த்தி வைக்க எந்த நிறுவனமும் விரும்பியிருக்காது.

சுலபமான வழி இருக்கிறது என்கிறார்கள் ஹைட்ரஜன் இயந்திரம் வைத்திருப்பவர்கள். தண்ணீரை மின்னாற்பகுத்து வரும் ஹைட்ரஜன் ஆக்சிஜன் கலவையை, இன்ஜின் ஐடிலில் ஓடும்போது காற்றுக் குழாயில் அரை மணி, முக்கால் மணி விடுகிறார்கள். அந்தக் கலவை வால்வின் முதுகைத் தாண்டும்போது எரியவில்லை. சாதாரணக் காற்றோடு குளிர்ச்சியாகவே கடந்து போகிறது. அந்த வெப்பத்தில் ஹைட்ரஜனும் கரியும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. ஆக, நேரடி இன்ஜெக்‌ஷன் காரின் உண்மையான நோய் இருக்கும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை. எரிஅறைக்குள் அது எரிகிறது. ஆனால் தண்ணீரிலிருந்து வந்த கலவையில் இரண்டு பங்கு ஹைட்ரஜனுக்கு ஒரு பங்கு ஆக்சிஜன், அதாவது தன்னைத் தானே எரித்துக்கொள்ளச் சரியான அளவு. கரியை எரிக்க ஒரு துளி ஆக்சிஜனும் மிச்சமில்லை. மிஞ்சுவது நீராவி, நீராவி கரியோடு குறிப்பிடத்தக்க வேகத்தில் வினைபுரிய எழுநூறு, எண்ணூறு டிகிரி தேவை. சுவாலை இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் போகுமே என்று கேட்கலாம். பெட்ரோல் சுவாலையும் அப்படித்தான், ஒவ்வொரு சுற்றிலும். அந்தச் சுவாலையின் மடியிலேயே பிறந்து வளர்ந்த கரி இது. சுவாலை சில மில்லி நொடிகள் மட்டுமே, அதற்குப் பக்கத்துச் சுவரோ குளிர்ச்சி. ஹைட்ரஜனுக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டுமானால், அதன் சுவாலை அணைவதற்கு முன் சுவருக்குப் பெட்ரோல் சுவாலையைவிட அருகில் வரும். அதனால் மேல்தோல் கொஞ்சம் இளகலாம். ஐடிலில், அறையே குளிர்ந்து கிடக்கும் நேரத்தில், அதற்கு மேல் எதிர்பார்க்க இடமில்லை.

கரியை எரிக்க உண்மையில் என்ன வேண்டும் என்பதை டீசல் கார்கள் தினமும் நமக்குக் காட்டுகின்றன. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்ததும் டீசல் கார்களில் புகைத் துகளைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி வந்தது. அது நிறைந்ததும் இன்ஜின் கணினி கூடுதல் டீசலை விட்டுப் புகையை ஏறக்குறைய 600 டிகிரிக்குச் சூடாக்கி, டீசல் புகையில் எப்போதும் மிச்சமிருக்கும் ஆக்சிஜனின் துணையோடு, பத்து இருபது நிமிடம் எரிக்கிறது. புதிதாகப் படிந்த, உதிரியான தூசுக்கே இவ்வளவு. அப்போதும் ஆயிலின் சாம்பல் எரியாமல் தங்கி, நாளடைவில் வடிகட்டியையே அடைக்கிறது. பல்லாண்டு இறுகிய பிசினை ஐடில் ஓட்டத்தில் கரைப்பதாகச் சொல்பவர், இந்த 600 டிகிரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"ஆனால் செய்த பிறகு வண்டி மெத்தென்று ஓடுகிறதே?" இது பொய் அல்ல, பல நேரம் உண்மை. அதே சர்வீஸில் த்ராட்டில் பாடியைத் துடைத்திருப்பார்கள், ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் மாற்றியிருப்பார்கள், புது ஆயில் ஊற்றியிருப்பார்கள். த்ராட்டில் தட்டின் விளிம்பில் படியும் பிசுக்கு ஐடில் காற்றை நேராகவே குறுக்கிவிடும். ஒரு ஸ்ப்ரேயும் துணியும் போதும், பலன் உடனே தெரியும். இன்ஜின் கணினியின் பழைய கற்றலை அழித்துத் திரும்பத் தொடங்கினாலும் சில நாள் வண்டி வேறு மாதிரி ஓடும். பலனைக் கொடுத்தது எது என்று பிரித்தறிய, ஒரே மாதிரி இரண்டு கார்களில் ஒன்றுக்கு மட்டும் கரி சிகிச்சை செய்து, மற்றதெல்லாம் சமமாக வைத்துப் பார்க்க வேண்டும். விற்பனைப் படங்களில் காட்டும் 'முன், பின்' பிளக் புகைப்படத்தில் இந்தச் சமன் இருக்காது. அதிலும் பிளக், எரிஅறைக்குள்ளேயே மிகச் சூடாகித் தானே சுத்தமாகும்படி வடிவமைக்கப்பட்ட உறுப்பு. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினாலே அது வெளுக்கும்.

தீமை இல்லையென்றால் முன்னெச்சரிக்கையாகச் செய்துவிட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி. தீமை இல்லை என்று சொல்லிவிட முடியாது. உள்ளிழுப்பில் தெளிக்கும் கரைப்பான்கள் இறுகிய கரியைக் கரைப்பதற்குப் பதில் பாளமாகப் பெயர்த்தால், அது வால்வு இருக்கையில் சிக்கலாம், டர்போவின் சுழலியில் மோதலாம், கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் தங்கலாம். கரைப்பான் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவி ஆயில் சம்ப்புக்கும் இறங்கும். ரிங் பள்ளத்தில் ஒட்டிய கரி மட்டும் இதற்கு விலக்கு: ரிங் அசையாமல் ஒட்டிக்கொண்டு வண்டி ஆயில் குடிக்கத் தொடங்கினால், பிளக் துளை வழியாகக் கரைப்பானை ஊற்றி ஊறவிடுவது இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் முயலத்தக்க வழிதான், உடனே ஆயிலை மாற்றிவிட வேண்டும். ரிங் பள்ளத்துக் கரியின் ஊற்று பெரும்பாலும் மாற்றாமல் நாள் கடத்திய ஆயில். அதை மறந்துவிட்டுச் செய்யும் எந்தச் சிகிச்சைக்கும் ஆயுள் குறைவு.

டீசலில் வால்வுக்கு முன்னாலுள்ள குழாய்களே அடைபடுகின்றன. இ.ஜி.ஆர். வால்வு திருப்பியனுப்பும் புகைத் தூசும் ஆயில் ஆவியும் கலந்து தார் போன்ற சேறாகின்றன. ஊருக்குள்ளேயே குறுகிய தூரம் ஓடும் வண்டிகளில் இது சீக்கிரம். இங்கே பேச்சுக்கே இடமில்லை. கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

இன்ஜின் செய்பவர்கள் தங்கள் தரப்பில் எடுத்த முடிவு, இந்த வாதத்துக்குத் துணை நிற்கிறது. 2005இல் டொயோட்டா தன் டி-4எஸ் அமைப்பில், எரிஅறைக்குள் ஒரு இன்ஜெக்டரும் வால்வுக்கு வெளியே இன்னொன்றும் வைத்தது. ஃபோல்க்ஸ்வாகன் தன் ஈ.ஏ.888 இன்ஜினின் மூன்றாம் தலைமுறையிலும், ஃபோர்டு 2017 எஃப்-150இன் 3.5 லிட்டர் இன்ஜினிலும் அதே வழியில் சென்றன. எரிதலைச் சீராக்கி மாசைக் குறைப்பது அவற்றின் முதல் நோக்கம். வால்வு மறுபடி நனைவது கூடவே கிடைத்த பலன். அப்படிப்பட்ட வண்டியோ, பழைய மல்ட்டி பாயின்ட் வண்டியோ வைத்திருப்பவர், ஸ்பீடு, பவர் போன்ற, சுத்திகரிப்புச் சேர்க்கை கூடுதலாகக் கலந்த பெட்ரோலை அவ்வப்போது நிரப்பி, ஆயிலை உரிய நாளில் மாற்றினால் அதற்கு மேல் செய்ய வேண்டியது இல்லை. நேரடி இன்ஜெக்‌ஷன் மட்டும் கொண்ட காரில் குளிர்ந்த நேரத்துக் குலுக்கலோ மிஸ்ஃபயரோ தொடங்கினால், பணம் கட்டும் முன் போரோஸ்கோப் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லலாம். பிளக் துளை வழியாக அல்ல, உள்ளிழுப்புக் குழாய் வழியாக. பிளக் துளையில் தெரிவது பிஸ்டன் தலையும் எரிஅறையும் மட்டுமே, அங்கே எப்போதும் கொஞ்சம் கரி இருக்கும், அதைக் காட்டி எந்தச் சிகிச்சையையும் விற்றுவிடலாம்.